தங்கையின் மஜ்ஜை அண்ணனுக்கு ஆகுமா?

பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் ஏறி இருட்டிய பிறகு இறங்கியே என் வேலைக்காலம் கழிந்தது. நான் டாக்டர் அல்ல. ஆனாலும் நம் தங்கவயலில் யாருக்காவது இரத்தத்தில் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டால், முதலில் அந்தக் காகிதம் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருகிறது.

அப்படி வருபவர்கள் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பொம்பளைப் பிள்ளையோட மஜ்ஜையை ஆம்பளைக்கு வைக்கலாமாங்க?" இந்தக் கேள்விக்குள் மூன்று பயங்கள் ஒளிந்திருக்கின்றன. அண்ணனுக்குப் பெண்தன்மை வந்துவிடுமோ என்பது ஒன்று. கொடுத்த தங்கைக்குக் குழந்தை பிறக்காமல் போகுமோ என்பது இன்னொன்று. மூன்றாவது, 'அண்ணன் தம்பி இருந்தால் நல்லது' என்று டாக்டர் சொன்னது அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கும். முதல் இரண்டும் வெறும் பயம். மூன்றாவதில் விஷயம் இருக்கிறது. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் சில வீடுகளில் ஓர் உயிருக்கே ஆபத்து வருகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மஜ்ஜை எங்கே இருக்கிறது?

மஜ்ஜை என்றதும் பலர் முதுகுத்தண்டைத் தொட்டுக் காட்டுகிறார்கள். முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எலும்புகளின் உள்ளே, முக்கியமாக இடுப்பெலும்பில், பஞ்சு போன்று இருப்பது எலும்பு மஜ்ஜை. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய மூன்றும் அங்கிருக்கும் மூல உயிரணுக்களிலிருந்து (ஸ்டெம் செல் என்பார்கள்) நாள்தோறும் பிறக்கின்றன. அந்த ஊற்று கெட்டுப்போனால் வருவன இரத்தப் புற்றுநோய், மஜ்ஜை வற்றிப்போகும் அப்ளாஸ்டிக் அனீமியா, பிறவியிலேயே வரும் தலசீமியா போன்றவை. சிலருக்கு மருந்தே போதும். மற்றவர்களுக்குக் கெட்ட மஜ்ஜையைக் கடுமையான மருந்துகளால் ஒடுக்கிவிட்டு, இன்னொருவரின் மூல உயிரணுக்களை ஏற்ற வேண்டும். பெறுகிறவருக்குக் கத்தி வைப்பதில்லை. இரத்தம் ஏற்றுவது போல நரம்பு வழியாகத்தான் ஏற்றுகிறார்கள். அந்த அணுக்கள் தாமே எலும்புக்குள் போய் இடம் பிடித்துக்கொள்கின்றன.

கொடுப்பவரிடமிருந்து எடுக்க இரண்டு வழிகள். மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் உறிஞ்சுவது பழைய வழி. அது இன்றும் உண்டு. மற்றது, நான்கைந்து நாள் ஊசி போட்டு மூல உயிரணுக்களை இரத்தத்துக்கு வரவழைத்து, ஒரு கை நரம்பிலிருந்து இரத்தத்தை இயந்திரத்துக்குள் விட்டுச் சுழற்றிப் பிரித்தெடுப்பது. நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு ஓர் உவமை கைவசம் உண்டு. மில்லில் ஒரு டன் கல்லை அரைத்துச் சில கிராம் தங்கத்தைப் பிரித்தோமே, அது போலத்தான். அங்கே மீந்த மண்ணைக் கொட்டி சயனைடு குன்றுகளாக்கினோம். இங்கே மீந்த இரத்தம் கொடுத்தவருக்கே மறு நரம்பு வழியாகத் திரும்பிப் போகிறது.

இந்தச் சிகிச்சையை 1957-இல் மனிதர்களிடம் செய்து பார்த்து எழுதியவர் அமெரிக்க டாக்டர் டொனால் தாமஸ். அதற்காக 1990-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் உடன்பிறந்தவரின் மஜ்ஜையால் நிலைத்த வெற்றி முதலில் கிடைத்தது 1968-இல். மினசோட்டாவில் டாக்டர் ராபர்ட் குட் குழுவினர், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத ஐந்து மாத ஆண் குழந்தை ஒன்றைப் பிழைக்க வைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் பல ஆண் குழந்தைகள் இறந்திருந்தனர். மஜ்ஜை கொடுத்தது யார் தெரியுமா? அந்தக் குழந்தையின் அக்கா! பிழைத்த பிள்ளை வளர்ந்து பெரிய மனிதரானார். பெண் கொடுத்தால் ஆணுக்கு ஆகாது என்பவர்களுக்கு இந்த ஒன்றே போதுமான பதில்.

இந்தியாவில் முதல் மாற்றுச் சிகிச்சை 1983-இல் பம்பாய் டாட்டா ஆஸ்பத்திரியில் நடந்தது. 1986-இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மாம்மன் சாண்டி தொடங்கினார். தங்கவயல் தமிழர்களில் பெரும்பகுதி பழைய வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகள் அல்லவா? வி.கோட்டா, பேரணாம்பட்டு, குடியாத்தம் என்று பாட்டன் வந்த வழியிலேயே திரும்பிப் போனால் வேலூர். இப்போது இரத்தநோய்ப் பிரிவு சி.எம்.சி.யின் இராணிப்பேட்டை வளாகத்தில் இருக்கிறது. பெங்களூரிலும் சில ஆஸ்பத்திரிகளில் செய்கிறார்கள்.

முதலில் பார்ப்பது ஆணா பெண்ணா என்பதை அல்ல

ஒருவர் மஜ்ஜை இன்னொருவருக்குப் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பது எச்.எல்.ஏ. எனப்படும் அணு அடையாளங்கள். இரத்தப் பிரிவு கூட இரண்டாம் பட்சம்தான். ஓ பிரிவுக்காரர் மஜ்ஜையை ஏ பிரிவுக்காரருக்கு வைப்பதுண்டு. இந்த எச்.எல்.ஏ. அடையாளங்கள் ஆறாவது குரோமோசோமில் ஒரு கட்டாகச் சேர்ந்திருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒரு கட்டு, அம்மாவிடமிருந்து ஒரு கட்டு. ஆகையால் உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆண், பெண் என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம் வேறு. ஆகவே தம்பி பொருந்துவதற்கும் தங்கை பொருந்துவதற்கும் வாய்ப்பு ஒன்றேதான்.

இங்கேதான் நம் வீடுகளில் நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். நோயாளிக்கு ஒரு தம்பி, இரண்டு தங்கைகள் என்று வைத்துக்கொள்வோம். தம்பியை மட்டும் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறார்கள். 'கட்டிக் கொடுத்த பெண்ணை ஏன் தொந்தரவு செய்வது, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள்' என்று தங்கைகளை விட்டுவிடுகிறார்கள். தம்பி ஒருவரை மட்டும் பார்த்தால் பொருந்தும் வாய்ப்பு நூற்றுக்கு 25. மூவரையும் பார்த்தால் நூற்றுக்கு 58. சம்பந்தி வீட்டு மரியாதைக்காகப் பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறோம்! கணக்குத் தெரிந்த பிறகாவது யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

டாக்டர் சொன்னதன் பொருள்

இனி மூன்றாவது பயத்துக்கு வருவோம். சிறுநீரகம் வைத்தால் உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கும். மஜ்ஜை விஷயத்தில் எதிர்மாறாகவும் நடக்கும். ஏற்றுவது எதிர்ப்புச் சக்தியின் ஊற்றையே அல்லவா? குடித்தனம் வந்தவர் வீட்டுக்காரரையே வெளியே போகச் சொல்வது போல, வந்த வெள்ளையணுக்கள் புது உடம்பைப் பகையாக நினைத்துத் தாக்கும். தோல், குடல், கல்லீரல், கண், வாய் எல்லாம் பாதிக்கப்படலாம். இதை ஆஸ்பத்திரியில் ஜி.வி.எச்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சில மாதங்கள் கழித்து வந்து நீண்ட நாள் நிற்கும் வகையும் உண்டு.

எச்.எல்.ஏ. முழுதாகப் பொருந்தியும் இது ஏன் வருகிறது? எச்.எல்.ஏ. தவிரச் சின்னச் சின்ன அடையாளங்கள் ஏராளம். அவற்றில் ஒரு தொகுதி ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமிலிருந்து வருகிறது. 1955-இல் ஐக்வால்ட், சில்ம்சர் என்ற இரு அமெரிக்கர்கள், ஒரே வம்சமாக வளர்த்த எலிகளில் தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். மற்ற மாற்றங்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டன. ஆண் எலியின் தோல் மட்டும் பெண் எலியிடம் ஒட்டாமல் உதிர்ந்தது. பெண்ணின் உடம்பு ஒய் குரோமோசோமின் பொருட்களைப் பார்த்ததே இல்லை, அதனால் அந்நியமாக நினைக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து, 1976-இல், ஹாலந்தின் லெய்டன் நகரில் எல்ஸ் கூல்மி என்ற பெண் விஞ்ஞானி இதையே மனிதரிடம் கண்டார். அப்ளாஸ்டிக் அனீமியா வந்த ஒரு பெண்ணுக்கு எச்.எல்.ஏ. பொருந்திய சகோதரனின் மஜ்ஜையை வைத்தும் உடம்பு தள்ளிவிட்டது. அவருடைய வெள்ளையணுக்கள் ஆண்களின் அணுக்களைத் தேடிக் கொல்வதைப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்தார்கள்.

ஆகப் பெண் கொடுத்து ஆண் பெறும்போது, அந்தப் பெண்ணின் அணுக்கள் புது உடம்பில் எங்கு பார்த்தாலும் ஒய் அடையாளத்தைக் காண்கின்றன. அதனால் நீடிக்கும் ஜி.வி.எச்.டி. சற்று அதிகமாக வருகிறது. கொடுப்பவர் பிள்ளை பெற்றவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். கருவில் இருக்கும் குழந்தையின் அணுக்கள் தாயின் இரத்தத்தில் கலப்பதால் தாயின் எதிர்ப்புச் சக்தி முன்கூட்டியே பழகிவிடுகிறது. 1996-இல் டயானா பியான்கி என்பவர், மகனைப் பெற்று 27 ஆண்டுகள் ஆன ஒரு தாயின் இரத்தத்திலும் ஆண் அணுக்கள் இருப்பதைக் காட்டினார். (பிள்ளைகள் அம்மாவை விட்டுப் போவதில்லை என்று நம் கிழவிகள் சொல்வது இரத்த அளவிலும் உண்மைதான் போலிருக்கிறது!)

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. அதே பகை, ஒளிந்திருக்கும் புற்று அணுக்களையும் தாக்குகிறது. ஆகவே இரத்தப் புற்றுநோயில் பெண் கொடுத்து ஆண் பெற்றால் நோய் திரும்புவது ஓரளவு குறைகிறது. தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியா போன்ற புற்றல்லாத நோய்களில் இந்த லாபம் கிடையாது.

ஏழில் ஒன்று

'சற்று அதிகம்' என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர டாக்டர் அலோயிஸ் கிராட்வோல் 1998-இல் நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்காக ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். பின்னர் மற்ற இரத்த நோய்களுக்கும் அது பயன்பட்டது. மொத்தம் 7 புள்ளிகள். கூடக் கூட ஆபத்து. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கு 2 வரை. நோயாளியின் வயதுக்கு 2 வரை. உடன்பிறந்தவர் அல்லாத வெளியார் கொடுத்தால் 1. நோய் கண்டு 12 மாதங்களுக்கு மேல் தாமதமானால் 1. பெண் கொடுத்து ஆண் பெற்றால் 1. இன்று டாக்டர்கள் பார்க்கும் அம்சங்கள் இன்னும் பல இருக்கின்றன. ஆனாலும் இந்தப் பழைய கணக்கு நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு தராசு மாதிரி உதவுகிறது.

தங்கை என்பதால் கூடுவது 1. தங்கை வேண்டாம் என்று வெளியாரைத் தேடினால் அதற்கும் 1. தேடிக்கொண்டே ஓராண்டு கழிந்தால் அதற்கு 1. அதற்குள் நோய் முற்றினால் 2. பொருந்திய தங்கையை வைத்துக்கொண்டு 'ஆண் கிடைப்பானா' என்று காத்திருப்பவர் எதைக் கொடுத்து எதை வாங்குகிறார் பாருங்கள்! பொருந்திய தம்பி, தங்கை இருவருமே இருக்கும்போதுதான் டாக்டர் 'தம்பி நல்லது' என்கிறார். அப்போதும் வயது, சி.எம்.வி. என்ற கிருமியின் தடயம், உடல் எடை என்று பலதையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறார்.

நோயாளி பெண்ணாக இருந்தால் பொதுவாக இந்தக் கணக்கு பெரிதாக வருவதில்லை. அப்ளாஸ்டிக் அனீமியாவில் மட்டும், சகோதரன் கொடுத்ததைச் சகோதரியின் உடம்பு தள்ளிவிடும் அபாயம் கொஞ்சம் கூடுதல். லெய்டன் பெண்ணுக்கு நடந்தது அதுதான். பல முறை இரத்தம் ஏற்றிக்கொண்டவர் அவர் என்பதையும் கவனிக்க வேண்டும். மஜ்ஜை வற்றிய நோயாளிக்கு அண்ணன் தம்பி, மாமன் மச்சான் இரத்தத்தை நேரடியாக ஏற்ற வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது இதற்காகத்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் பாசத்தில் வரிசையில் நிற்கிறார்கள். கொடுக்கட்டும், ஆனால் அது இரத்த வங்கிக்குப் போகட்டும்; நோயாளிக்கு வெளியார் இரத்தம் ஏறட்டும்.

எனக்குத் தெரிந்த சாம்பியன் ரீஃப் குடும்பம் ஒன்றில் 22 வயதுப் பையனுக்கு இரத்தப் புற்றுநோய். தாத்தா சுரங்கத்தில் டிம்பர் வேலை செய்தவர். அப்பா 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியபோது வெளியே வந்தவர். இரண்டு தம்பிகளைப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. கிருஷ்ணகிரியில் கட்டிக் கொடுத்த அக்காவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் கேட்ட பிறகு அம்மா சொன்னார், "அவளுக்கு ஒரு பிள்ளைதாங்க ஆயிருக்கு. இன்னொன்னு பெத்துக்கணும். அவ மாமியா விடமாட்டாங்க." அந்த மாமியாரிடம் நானே போனில் பேசினேன். "எலும்பை எடுத்துட்டா எம் மருமவ எப்படிங்க அய்யா நடப்பா?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான், யாரும் அவருக்கு எதையும் விளக்கியிருக்கவில்லை. எலும்பை எடுப்பதில்லை, எடுத்த மஜ்ஜையும் சில வாரங்களில் ஊறிவிடும், ஊசி போடும் நாட்களில் உடம்பு வலி இருக்கும், மாத்திரையில் அடங்கும் என்று சொன்னேன். மறுவாரம் அவரே மருமகளை அழைத்துக்கொண்டு வந்தார். அக்கா முழுதாகப் பொருந்தினார்.

பிள்ளை பெற்ற அக்கா, பெறுகிறவர் தம்பி. மேலே சொன்ன கணக்குப்படி இதுதான் ஆபத்து கூடிய ஜோடி. டாக்டர்கள் அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள். பையன் பிழைத்தான். ஓராண்டுக்குள் ஜி.வி.எச்.டி. வந்தது, வாயில் புண், தோலில் இறுக்கம், கண்ணில் வறட்சி. இரண்டு ஆண்டுகள் மாத்திரை. இப்போது தினமும் ரயிலில் பெங்களூர் போய் வருகிறான். சட்டைப்பையில் கண் சொட்டு மருந்து இருக்கும். அக்காவுக்கு இரண்டாவது பிள்ளையும் பிறந்துவிட்டது.

அந்த இரண்டு பயங்கள்

அக்காவின் மஜ்ஜை ஊறத் தொடங்கிய பிறகு தம்பியின் இரத்தத்தில் குரோமோசோமைப் பார்த்தால் பெண்ணுக்குரிய இரண்டு எக்ஸ்தான் தெரியும். புது மஜ்ஜை பிடித்துவிட்டதா என்று கண்டுபிடிக்க இதையே ஓர் அடையாளமாக நாங்கள் பயன்படுத்தினோம். எக்ஸ் எக்ஸ் என்று ரிப்போர்ட் வந்தால் கூடத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் மாறுவது இரத்தம்தான். மீசை, குரல், ஆண்மை ஆகியவற்றைத் தருவது விரைகளில் சுரக்கும் ஹார்மோன். அதற்கும் மஜ்ஜைக்கும் தொடர்பில்லை. அவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் அவருடைய சொந்த வித்துதான் போகும். இரத்தப் பிரிவு மட்டும் கொடுத்தவருடையதாக மாறலாம். டிரைவிங் லைசென்ஸில் பழைய பிரிவு இருந்தால் மாற்றிக்கொள்வது நல்லது.

ஒரு குழப்பத்தை இங்கே அவிழ்க்க வேண்டும். மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்குக் குழந்தைப் பேறு இல்லாமல் போவது உண்மை. அதற்குக் காரணம் முன்னால் கொடுக்கும் கடுமையான மருந்தும் கதிர்வீச்சும். அண்ணனே கொடுத்திருந்தாலும் அப்படித்தான். 'தங்கச்சி மஜ்ஜை வச்சதால்தான் பிள்ளை இல்லை' என்று பழி வந்து விழுவது அந்தப் பெண்ணின் தலையில்! சிகிச்சைக்கு முன்பே வித்தணுவைச் சேமித்து வைக்க வழி உண்டு. வெட்கப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள். கொடுத்த பெண்ணின் கருப்பைக்கோ முட்டைக்கோ ஒன்றும் ஆவதில்லை. கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் எடுக்க மாட்டார்கள்.

உடன்பிறந்தவர் பொருந்தாவிட்டால்

அக்காள் மகளைக் கட்டியவர்களும் அத்தை மாமன் பிள்ளைகளைக் கட்டியவர்களும் நம்மில் நிறைய. அந்தக் குடும்பங்களில் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். டாக்டரிடம் உறவுமுறையைச் சொல்லுங்கள். பாதிப் பொருத்தம் உள்ள அப்பா, அம்மா, பிள்ளைகளிடமிருந்தும் இப்போது செய்கிறார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் வளர்த்தெடுத்த முறையில், ஏற்றிய மூன்றாம் நான்காம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுத்துப் பகை அணுக்களை அடக்குகிறார்கள். அப்பாவா அம்மாவா என்ற கேள்வி அங்கேயும் வரும். 2014-இல் வெளியான பீகிங் டாக்டர்களின் ஆய்வில் அப்பா கொடுத்தவர்களுக்குப் பலன் மேலாக இருந்தது. அவர்கள் கையாண்டது வேறு மருந்துமுறை என்பதால், எல்லா இடத்துக்கும் அதையே விதியாக வைக்க முடியாது.

வெளியாரைத் தேட, 2009-இல் தொடங்கிய சென்னையின் தாத்ரி பதிவகம் இருக்கிறது. பெங்களூரில் டி.கே.எம்.எஸ். அமைப்பு இருக்கிறது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்தால் பதிவாகிவிடும். ஒரே அளவு பொருந்தியவர்கள் பலர் இருந்தால் டாக்டர்கள் பெரும்பாலும் இளம் ஆணையே தேர்ந்தெடுக்கிறார்கள். காரணம் இதுவரை படித்ததுதான். நம் மாரிக்குப்பம் ரயிலில் காலை நேரத்தில் நிற்க இடமில்லாமல் நிற்பவர்களில் பாதிப்பேர் அந்த வயதுதான்.

தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியா பிள்ளைகளுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, 10 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டம் ஒன்றை கோல் இந்தியா நிறுவனம் 2017-இல் தலசீமியாவுக்காகத் தொடங்கியது. வேலூரும் அதில் சேர்ந்த ஆஸ்பத்திரி. தங்கச் சுரங்கம் கைவிட்ட பிள்ளைகளுக்கு நிலக்கரிச் சுரங்கத்தின் பணம்!

போகும்போது உடன்பிறந்தவர்கள் அனைவரின் பெயரையும் வயதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டிக் கொடுத்தவர்களையும் சேர்த்து. ஒவ்வொருவரும் முன்பு இரத்தம் ஏற்றிக்கொண்டதுண்டா, பெண்களுக்கு எத்தனை பிரசவம், கருக்கலைந்தது உண்டா என்பதையும் கேட்பார்கள். கலைந்த கருவும் ஒரு கணக்குத்தான். அதை மாமியார் முன்னால் சொல்ல வேண்டிய அவசியமில்லை. டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டால் மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்வார்கள்.